எஞ்சினும் வரம்பும்

பலாங்கொடை நகரைக் கடந்து பெலிஹுல்ஓயா வழியாக அப்புத்தளைக்கு ஏறும் பெருந்தெருவில், தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறியும் பயணிகள் நிறைந்த பேருந்தும் விலையுயர்ந்த புதிய காரும் ஒரே ஏற்றத்தில் ஒன்றையொன்று முந்த முயல்வது நாளாந்தக் காட்சி. அங்கு எது முந்தும் என்பதைச் சாரதியின் திறமை ஓரளவு தீர்மானிக்கும். எஞ்சினின் வலுவே பெருமளவு தீர்மானிக்கும். ஏற்றத்தில் மூச்சுத்திணறும் லொறியின் சாரதியை ‘ஓட்டத் தெரியாதவன்’ என்று அத்தெருவில் எவரும் ஏளனம் செய்வதில்லை. வண்டியின் எஞ்சின் எத்தகையது, அது சுமக்கும் பாரம் எவ்வளவு என்பவற்றை அறிந்தே மக்கள் தீர்ப்புக் கூறுகின்றனர்.

இந்த எளிய நியாயம், உலகின் மிக உயர்ந்த மோட்டார்ப் பந்தயமாகிய போர்முலா 1 பற்றிப் பேச்செழும்போது மட்டும் மறக்கப்பட்டுவிடுகின்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனையும் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கையும் ‘கடைசி வரிசைக்காரர்’ என்று நகைத்து ஒதுக்குவோர் பல்கலைக்கழக விடுதிகளிலும் உளர். அவர்களே, பந்தய அணிகளின் செலவுக்கு வரம்பு விதிப்பது விளையாட்டைக் கொல்வதாகும் என்றும், இயன்றவன் செலவிடட்டும், இயலாதவன் விலகட்டும் என்றும் வாதிடுகின்றனர். இவ்விரு கூற்றுகளும் ஒரே பிழையினின்று கிளைத்தவை. செலவு வரம்பற்ற பந்தயம் எஞ்சினை உடையோரின் ஏகபோகமாகவே முடியும் என்பதையும், எஞ்சின் வழங்கலை ஒழுங்கு செய்யாத செலவு வரம்பு அரைச் சட்டமாகவே நிற்கும் என்பதையும் கடந்த அறுபது ஆண்டுக்கால வரலாறு ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றது.

வரம்பை எதிர்ப்போர் பெரிதும் போற்றுவது 1960களின் இறுதியையும் 1970களையுமாகும். சட்டங்கள் குறைவு, சுதந்திரம் மிகுதி, புதிய அணிகள் பல என்பது அவர்கள் தீட்டும் சித்திரம். சித்திரத்தில் பிழையில்லை, அதற்கு அவர்கள் கற்பிக்கும் காரணத்திலேயே பிழை உண்டு. பிரித்தானிய போர்ட் நிறுவனம் 100,000 பவுண் முதலிட, கொஸ்வேர்த் நிறுவனத்தின் கீத் டக்வேர்த் டி.எப்.வி. என்னும் 3 லீற்றர் எஞ்சினை வடிவமைத்தார். 1967 யூன் 4ஆம் திகதி ஒல்லாந்தின் சண்ட்வூர்ட் திடலில், தனது முதற் பந்தயத்திலேயே அந்த எஞ்சின் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காருக்கு வெற்றி தேடித்தந்தது. லோட்டஸ் அணி மட்டுமே அதனைத் தொடர்ந்து வைத்திருந்திருப்பின் ஏனைய அணிகள் தலையெடுத்திருக்க மாட்டா. அவ்வாறு நிகழவில்லை. 1968 முதல் 7,500 பவுண் விலைக்குப் பிற அணிகளும் அதனை வாங்க முடிந்தது.

இதன் விளைவு யாது? மரவாணிபம் செய்துவந்த கென் டிரெல் என்பவர் தமது மரக்காலையிலிருந்தே ஓர் அணியை நடத்தி 1971இல் உலக வாகையைச் சூடினார். மக்லாரன், வில்லியம்ஸ் முதலிய அணிகள் இந்த எஞ்சினைக் கொண்டே வளர்ந்தன. 1969ஆம் ஆண்டிலும் 1973ஆம் ஆண்டிலும் உலக வாகைக்கான பந்தயங்கள் அனைத்தையும் இதுவே வென்றது. 1983 வரை அது ஈட்டிய வெற்றிகள் மொத்தம் 155. ஆகவே, ‘கட்டற்ற சுதந்திரத்தின் பொற்காலம்’ என்று கொண்டாடப்படுவது உண்மையில் எஞ்சின் பொதுவாகக் கிடைத்த காலமே. அன்று செலவு வரம்பு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. நியாய விலைக்கு யாவர்க்கும் விற்கப்பட்ட ஓர் எஞ்சினே வரம்பின் வேலையைச் செய்தது.

1977இல் ரெனோ நிறுவனம் டேர்போ எஞ்சினுடன் களமிறங்கியபின் நிலைமை படிப்படியாக மாறிற்று. எஞ்சின், பெருங்கம்பனிகளின் கைக்குள் மீண்டும் சென்றது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பருவகாலத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லியன் டொலரைக் கொட்டுவது முன்னணி அணிகளின் வழக்கமாயிற்று. ‘இயன்றவன் செலவிடட்டும்’ என்ற கொள்கை முழுமையாக ஆட்சிசெய்த காலம் அது. அக்கொள்கை இயன்றவரையேனும் வாழவைத்ததா? உலகப் பொருளாதார நெருக்கடி தோன்றியதும் 2008 டிசம்பரில் ஹொண்டா விலகிற்று. 2009 யூலையில் பி.எம்.டபிள்யூ. தனது விலகலை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் டொயோட்டாவும் சென்றது. வரம்பில்லாச் செலவு ஏழையை முதலில் விழுங்கிப் பின் செல்வனையும் விரட்டியது.

இச்சூழலிலேதான் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் தலைவர் மக்ஸ் மோஸ்லி, 2010ஆம் ஆண்டு முதல் அணியொன்றுக்கு 40 மில்லியன் பவுண் என்னும் செலவு வரம்பை முன்மொழிந்தார். வரம்பை ஏற்கும் அணிகளுக்குத் தொழினுட்பச் சலுகைகள் உண்டு எனவும் உறுதியளிக்கப்பட்டது. அவ்வுறுதியை நம்பிப் புதியவர்கள் விண்ணப்பித்தனர். 2009 யூன் 12ஆம் திகதி வெளியான பட்டியலில் கம்போஸ், மேனர், யூ.எஸ்.எப்.1 என்னும் மூன்று புதிய அணிகள் இடம்பெற்றன. அவை கொஸ்வேர்த் எஞ்சினைப் பயன்படுத்த உடன்பட்டிருந்தன. பெராரி உள்ளிட்ட பெரிய அணிகளோ தனிப் போட்டித்தொடர் தொடங்கப்போவதாக அச்சுறுத்தின. யூன் 24ஆம் திகதி சமரசம் ஏற்பட்டது, வரம்பு கைவிடப்பட்டது. அழைக்கப்பட்டோருக்கும் அவர்கள் நம்பி வந்த வாக்குறுதிக்கும் இடையில் பன்னிரண்டு நாள்களே கழிந்திருந்தன.

விருந்துக்கு அழைத்துவிட்டு இலையை எடுத்துவிடும் இச்செயலின் பயனை அனுபவித்தோரின் வரிசை நீண்டது. யூ.எஸ்.எப்.1 ஒரு பந்தயத்திலேனும் ஓடவில்லை. கம்போஸ் அணி கைமாறி எச்.ஆர்.டி. என்ற பெயருடன் 2010 மார்ச்சில் பஹ்ரெயினுக்கு வந்தது. அதன் சாரதிகளில் ஒருவரே கருண் சந்தோக். பருவகாலத்துக்கு முன் அந்தக் கார் ஒரு நாளேனும் சோதனை ஓட்டத்தைக் கண்டதில்லை. சந்தோக்கின் கார் பயிற்சி ஓட்டங்களுக்கும் தயாராகவில்லை. தகுதிகாண் ஓட்டத்திலேயே அவர் அதனை முதன்முதலாகச் செலுத்தினார். மறுநாள் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் விலக நேர்ந்தது. பத்துப் பந்தயங்களுக்குப் பின் அவரது இருக்கை இன்னொருவருக்குச் சென்றது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் அதே அணிக்காக ஓடிய நரேன் கார்த்திகேயன், 2011 ஒக்டோபர் 30ஆம் திகதி கிரேட்டர் நொய்டாவில் நடைபெற்ற முதலாவது இந்தியப் பந்தயத்தில் 17ஆவதாக வந்தார். ஒரு புள்ளியேனும் பெறாமலே எச்.ஆர்.டி. 2012இன் இறுதியில் மறைந்தது. 2009 செப்டெம்பரில் அனுமதிபெற்று, பின்னர் கேற்றர்ஹாம் எனப் பெயர்மாறிய லோட்டஸ் அணி 2014உடன் முடிவுற்றது. மேனர் பல பெயர்களில் போராடி 2017 ஜனவரியில் வீழ்ந்தது.

‘திறமையற்றோர் வீழ்ந்தனர், இதில் வியப்பென்ன?’ என்று கேட்போருக்கு விடை எளிது. அதே சாரதிகள் சம எஞ்சினுடன் ஓடியபோது நிகழ்ந்தது என்ன? ஜி.பி.2 என்னும் போட்டித்தொடரில் எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின். அதில் சந்தோக் 2007இல் பெல்ஜியத்தின் ஸ்பா திடலிலும் 2008இல் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் திடலிலும் வென்றார். நாடுகளுக்கிடையிலான ஏ1 போட்டித்தொடரிலும் கார்களும் எஞ்சின்களும் ஒரே வகையினவே. 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாய் திடலில் நரேன் இந்தியாவுக்காக அதில் வெற்றியீட்டினார். எஞ்சின் சமமானபோது முதலிடம். எஞ்சினும் பணமும் சமமற்றபோது கடைசி வரிசை. இடையில் மாறியது சாரதியின் கையா, காரின் வயிறா என்பதை நகைப்போர் ஆறுதலாகச் சிந்திக்கவேண்டும்.

எஞ்சின் வழங்கலின் அதிகாரம் எளியோரை மட்டும் ஆட்டிப்படைப்பதன்று. 2014இல் 1.6 லீற்றர் கலப்பு எஞ்சின்கள் கட்டாயமாக்கப்பட்டன. அவ்வாண்டின் 19 பந்தயங்களில் 16ஐ மெர்சிடிஸ் வென்றது. எஞ்சினை வாங்கும் அணியொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மில்லியன் யூரோ செலுத்தவேண்டியிருப்பதாகக் கூறப்பட்டது. 2015இல் தனது எஞ்சின் வழங்குநருடன் முரண்பட்ட ரெட் புல், முன்னர் நான்குமுறை உலக வாகை சூடிய அணி, செல்வத்துக்குக் குறைவில்லாத அணி, மெர்சிடிஸிடமும் பெராரியிடமும் எஞ்சின் கேட்டது. போட்டியாளனுக்குத் தன் வாளைத் தருவோர் யார்? சமகால எஞ்சின் இரு கதவுகளிலும் மறுக்கப்பட்டது. இறுதியில் அவ்வணி பழைய வழங்குநரின் எஞ்சினையே வேறு பெயர் சூட்டி ஓட்டியது. அதே ஆண்டில், வாங்கும் அணிகளுக்கான எஞ்சின் விலைக்கு உச்சவரம்பிடச் சம்மேளனம் முயன்றபோது, தனக்குரிய இரத்து அதிகாரத்தைக் கொண்டு பெராரி அதனைத் தடுத்தது. விளையாடுபவனே விதியையும் இரத்துச்செய்ய முடியுமாயின், அது வேலியே பயிரை மேய்ந்த கதையன்றி வேறென்ன?

போர்ஸ் இந்தியா அணியின் முடிவும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. குறைந்த செலவில் நிறைந்த பயன் காணும் அணி என்று அது பெயரெடுத்திருந்தது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் அணிகளுக்கான வரிசையில் நான்காம் இடத்தைப் பிடித்தது. எனினும் 2018 யூலையில் அது நீதிமன்றத்தின் வழியாக நிருவாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. உரிமையாளர் விஜய் மல்லையாவின் சொந்த நிதி நெருக்கடி அதற்கொரு காரணம் என்பது உண்மையே. ஆயினும் அதற்குக் கடன் கொடுத்திருந்தோருள் எஞ்சின் வழங்கிய நிறுவனமும் ஒன்று என்பதையும் மறைத்தலாகாது. நான்காம் இடத்துத் திறமையும் எஞ்சின் கடனை அடைக்கப் போதவில்லை.

இத்தனை வீழ்ச்சிகளுக்குப் பின்னரே 2021இல் செலவு வரம்பு சட்டமாயிற்று. முதலாண்டில் அடிப்படைத் தொகை 145 மில்லியன் டொலர். 2022இல் 140 மில்லியன். 2023இல் 135 மில்லியன். எஞ்சின் உற்பத்தியாளருக்கும் 2023 முதல் ஆண்டுக்கு 95 மில்லியன் டொலர் என்ற தனி வரம்பு வந்தது. 2026 முதல் அது 130 மில்லியனாயிற்று. இச்சட்டம் குறையற்றதென்று எவரும் சாதிக்க வேண்டியதில்லை. சாரதிகளின் ஊதியமும், உயர்பதவியிலுள்ள மூவரின் ஊதியமும் 2021இன் வரம்புக்குள் அடங்கவில்லை. காரைப் பூட்டிக் கழற்றும் தொழிலாளியின் கூலி கணக்கில் வரும். கோடிகளைப் பெறும் சாரதியின் சம்பளம் வராது. இது நீதியன்று. வரம்பை எதிர்ப்போர் இந்த அநீதியைச் சுட்டிக்காட்டுவாராயின் அவர்களுடன் உடன்படலாம். ஆனால் அவர்கள் அதனைச் சுட்டிக்காட்டுவதில்லை.

அவர்கள் சுட்டிக்காட்டுவது பிறிதொன்றை: சட்டம் மீறப்படுகின்றது, ஆகவே சட்டம் வேண்டாம் என்பர். 2021இல் ரெட் புல் அணி வரம்பை 1,864,000 பவுணால், அதாவது 1.6 வீதத்தால், மீறியதாக 2022 ஒக்டோபரில் சம்மேளனம் அறிவித்தது. வரிச்சலுகையொன்றைச் சரியாகக் கணக்கிட்டிருப்பின் மீறல் 0.37 வீதமாகவே இருந்திருக்கும் என்பதையும் சம்மேளனமே ஒப்புக்கொண்டது. தண்டனை 7 மில்லியன் டொலர் அபராதமும், காற்றியக்கச் சோதனை நேரத்தில் 10 வீதக் குறைப்புமாகும். அடுத்த ஆண்டில் அதே அணி 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. தண்டனை போதுமானதா என்று ஐயுறுவதற்கு இதுவே இடந்தரும். அபராதம் என்பது செல்வனுக்கு இன்னொரு செலவு மாத்திரமே. வாகைப் புள்ளிகளைப் பறிக்காத தண்டனை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். எனினும் பூட்டை ஒருவன் உடைத்தான் என்பதற்காகக் கதவையே கழற்றி எறிவார் உண்டோ? பூட்டை வலுப்படுத்துவதே அறிவுடைமை.

தொழினுட்ப வளர்ச்சி தடைப்படும் என்பது எதிர்வாதிகளின் அடுத்த அம்பு. இதுவும் முனை மழுங்கியதே. 2014இன் விதிகள் ஒரு பந்தயத்துக்கு 100 கிலோகிராம் எரிபொருளுக்கு மேல் கூடாதெனக் கட்டுப்படுத்தின. அதற்கு முன்னர் கார்கள் ஏறத்தாழ 150 கிலோகிராமை எரித்தன. இக்கட்டுப்பாட்டின் கீழ் உழைத்த பொறியியலாளரே, 2017இல் எரிபொருளின் வெப்பசக்தியில் பாதிக்கு மேற்பட்டதை வலுவாக மாற்றும் எஞ்சினைச் சோதனைக்கூடத்தில் இயக்கிக் காட்டினர். எரிபொருள் கட்டற்றுக் கிடைத்திருப்பின் அத்தகைய எஞ்சினுக்குத் தேவையே எழுந்திராது. வரம்பு அறிவைக் கூர்மையாக்கும். வரம்பின்மை பணப்பையை மட்டுமே பருக்கச்செய்யும்.

விளையாட்டு இறக்கும் என்றவர்களுக்கோ களமே விடை பகர்ந்துவிட்டது. மெர்சிடிஸிடம் எஞ்சின் வாங்கி ஓடும் மக்லாரன் அணி, 1998இன் பின் முதன்முறையாக 2024இல் அணிகளுக்கான வாகையைச் சூடியது. 2025இலும் அதனைத் தக்கவைத்தது. எஞ்சினைச் செய்து விற்றவனை, அதே எஞ்சினை வாங்கியவன் வென்றான்! இது தற்செயலன்று. உற்பத்தியாளர் தம் அணிக்குரிய அதே தரத்திலான எஞ்சினையே வாங்குவோர்க்கும் வழங்கவேண்டும் என்ற விதி 2018 முதல் இறுக்கப்பட்டிருந்தது. 2021 முதல் செலவு வரம்பும் சேர்ந்தது. இரண்டும் கைகோத்தபோதே அவ்வெற்றி சாத்தியமாயிற்று. ஒன்று இன்றி மற்றொன்று முடம்.

‘உலகச் செல்வந்தரின் இவ்விளையாட்டுக்கும் சப்பிரகமுவ மலைச்சாரலுக்கும் என்ன தொடர்பு?’ என்ற கேள்வி எழலாம். தொடர்பு, பலாங்கொடைத் தெருவில் ஏறும் அந்தக் கொழுந்து லொறியிலேயே இருக்கின்றது. இரத்தினபுரி மாவட்டத்தின் சிறுபற்று நிலக்காரர் கொழுந்தை விளைவிக்கின்றனர். அதனைத் தேயிலையாக்கும் தொழிற்சாலை அவர்களுடையதன்று. கொழுந்து கிள்ளிய சில மணிநேரத்துள் வாடும் பொருள். தொழிற்சாலைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுப்பதன்றி வேறு வழியில்லாத நிலையில் விளைவிப்போன் நிற்பான். சில தொழிற்சாலைகளுக்குச் சொந்தத் தோட்டமும் உண்டு. அவர்கள் வாங்குவோரும் ஆவர், போட்டியாளரும் ஆவர். எஞ்சினை வாங்கி ஓடும் அணியின் நிலையும் இதுவே. இதனாலன்றோ, விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவனுக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற நியாயவிலைச் சூத்திரம் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது? அச்சூத்திரம் தேயிலைத் தொழிலைக் கொன்றுவிட்டதென்று எவரும் அழவில்லை. தராசில் குறையுண்டு, ஈரத்துக்கெனக் கழிக்கும் நிறையில் குறையுண்டு என்ற முறைப்பாடுகள் எழுவதுண்டு. தராசைத் திருத்துக என்றே மக்கள் கேட்கின்றனர். சூத்திரத்தை ஒழிக்க என்று கேட்பதில்லை. நிலமும் தொழிற்சாலையும் இன்றிக் கொழுந்தைக் கிள்ளுவது ஒன்றையே உடைய தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இந்த நியாயத்தை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

உள்ளூர்ப் பந்தயமும் இதனையே கூறுகின்றது. தியத்தலாவையின் பொக்ஸ்ஹில் திடலில் கார்கள் எஞ்சின் கொள்ளளவின்படி வகுக்கப்பட்டு, ஒத்த வகைக் கார்களே தம்முள் போட்டியிடுகின்றன. சிறிய கார்களின் ஓட்டத்தைக் காணவும் சனத்திரள் கூடுகின்றது; அங்கேயே கையின் திறமை துலக்கமாகத் தெரிகின்றது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அதே திடலில் ஏழு உயிர்களைக் காவுகொண்ட விபத்தோ, வரம்பும் காவலும் பந்தயத்துக்கு அழகுக்காக வந்தவையல்ல என்பதைக் கண்ணீருடன் நினைவூட்டுகின்றது.

ஆகவே கேட்கப்படவேண்டியவை மூன்று. எஞ்சின் விலைக்கு உச்சவரம்பும் சமதர வழங்கலும் செலவு வரம்பின் பிரிக்கமுடியாத பாதியாகக் கொள்ளப்படவேண்டும். வரம்பை மீறியவரின் பணத்தைத் தொடுவதோடு நில்லாமல் அவரது புள்ளிகளையும் தண்டனை தொடவேண்டும். சாரதியின் பெருஞ்சம்பளமும் கணக்கினுள் வரவேண்டும். அனைத்துக்கும் மேலாக, சட்டம் கையொப்பமாகும் முன் எளியோரைக் களத்துக்கு அழைத்தல் கூடாது. 2009இல் பன்னிரண்டே நாள்களில் மீறப்பட்ட வாக்கின் விலையை முன்மொழிந்தோரும் செலுத்தவில்லை, எதிர்த்தோரும் செலுத்தவில்லை. பயிற்சி ஓட்டமும் இன்றிப் பஹ்ரெயினில் காரேறிய ஓர் இளைஞனும், சொந்த மண்ணில் 17ஆவதாக வந்த இன்னொருவனுமே செலுத்தினர். அவர்களை எடைபோட விரும்புவோர் முதலில் அவர்கள் கையில் தரப்பட்ட எஞ்சினை எடைபோடட்டும்.